தோட்டத்து ஆஸ்பத்திரியும் பதியாத தாலியும்

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்றைய தலைமுறைக்குப் பால்மரமும் செம்பனையும் பெரும்பாலும் தாத்தா பாட்டியின் கதைதான். பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறார்கள். சம்பளத்தோடு பேனல் கிளினிக் வசதி உண்டு. பெரிய நோய் என்றால் தனியார் மருத்துவமனைக்கு ‘ஜி.எல்.’ எனப்படும் உத்தரவாதக் கடிதமும் கம்பெனியிலிருந்து வரும். வேலையில் சேரும் நாளில் நிரப்பும் பாரத்தில் துணைவர் பெயருக்கு ஒரு கட்டமும், பக்கத்திலேயே திருமணப் பதிவு எண்ணுக்கு இன்னொரு கட்டமும் இருக்கும். இரண்டாவது கட்டம் காலியானால் முதல் கட்டத்தில் எழுதிய பெயருக்குப் பயனில்லை. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போகாதவர்களும், முதல் திருமணம் முறிந்தும் சட்டப்படி தீராமல் இன்னொருவரோடு குடித்தனம் நடத்துபவர்களும் அந்த இடத்தில் தனியாள் ஆகிவிடுகிறார்கள். பதியாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் முதலாளி மருத்துவச் செலவு தரவேண்டும் என்று யாராவது சொன்னால், அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பழக்கம், நமக்கு எதற்கு என்று பதில் வரும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் முதலாளி செலவில் நடந்த மருத்துவ வசதிகளிலேயே பழையது தோட்டத்து ஆஸ்பத்திரி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது திருமணப் பத்திரம் கேட்காமலேயே குடும்பங்களுக்கு மருந்து கொடுத்தது. வாசல் குறுகியது பிற்பாடுதான். அப்படிக் குறுகியதற்குச் சில நல்ல காரணங்களும் இருந்தன. அதனால்தான் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது மலாக்கா மண்ணில். தான் சே யான் என்பவர் 1896ல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். சில ஆண்டுகளில் குனோங் லேடாங் அடிவாரத்து புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அது விரிந்தது. பிறகு லண்டன் கம்பெனிகள் வந்தன. தென்கோடியில் மூவாரை ஒட்டிய சுங்கை ரம்பாய்க் கரையோரம் சிறு கம்போங்களும் தென்னையுமாக இருக்க, உள்ளே ஜாசின் பக்கம் ரப்பர் நிறைந்தது. வேலைக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். 1907ல் சட்டமான குடியேற்ற நிதி கப்பல் செலவை முதலாளிகள் எல்லார்மீதும் பகிர்ந்து போட்டது. மலாக்கா அப்போது பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்ந்த நீரிணைக் குடியேற்றம். பேராக், சிலாங்கூர் மாநிலங்களிலிருந்து அதன் சட்டப் புத்தகம் வேறு. ஆனால் தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடந்தன. குடியிருப்பு, தண்ணீர், மருத்துவம் மூன்றும் முதலாளியின் கடமை. இது தயாள குணத்தால் வந்த ஏற்பாடு இல்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் புது ஆட்களை வாரிக்கொண்டு போயின. கிள்ளான் பக்கத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுவை அடக்கிக் காட்டியதே, சாவைக் குறைத்தால் லாபம் கூடும் என்று துரைமார்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியதுபோல் ஆனது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்து, மலேரியா மருந்தான கொய்னாவை விழுங்கவைத்த காலம் அது.

அந்த ஆஸ்பத்திரி யாரைக் குடும்பம் என்று எண்ணியது? அன்றைய ஆண் பெண் கணக்கைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1911 குடிக்கணக்கில் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆணுக்குப் பெண்கள் முந்நூறு பேர் அளவில்தான். 1931லும் ஐநூறை எட்டவில்லை. இந்தியாவின் 1922 குடிபெயர்வுச் சட்டமும் அதன் விதிகளும் மனைவியில்லாமல் போகும் ஆண்களின் விகிதத்துக்கு ஒரு வரம்பு போட்டன. மலாயா அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டே இருந்தது. கணக்கைச் சரிக்கட்ட ஆவடி, நாகப்பட்டினம் டிப்போக்களிலேயே ஜோடி சேர்த்து அனுப்பியதும் உண்டு. முன்பின் தெரியாத இருவரைக் கணவன் மனைவி என்று பட்டியலில் எழுதினால் பட்டியலைப் பொறுத்தவரை அவர்கள் குடும்பம்தான். கப்பலில் ஏறியவர்கள் சிலர் அப்படியே வாழ்ந்தார்கள், சிலர் இறங்கியதும் பிரிந்தார்கள். தோட்டத்துக்கு வந்தபின் ஒருவனை விட்டு இன்னொருவனோடு போன பெண்ணும், ஊரில் மனைவி இருக்க இங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்ட ஆணும் அபூர்வம் இல்லை. முறையாகச் சாமி முன்னால் தாலி கட்டியவர்களிடமும் அரசாங்கத் தாள் கிடையாது. இந்து வழக்கத் திருமணத்தைக் கட்டாயம் பதியவேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1982 வரை இல்லை. 1952ல் வந்த குடிமைத் திருமணச் சட்டம் விரும்பியவர்களுக்கு ஒரு வழி திறந்தது, அவ்வளவுதான். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து அந்த வழியில் போனவர்கள் சொற்பம். ஆகவே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் ஐயா பத்திரம் கேட்டிருக்க முடியாது. கேட்பதற்குப் பத்திரமே இல்லை.

பத்திரத்தின் இடத்தில் இருந்தது செக்ரோல். தோட்டத்து எழுத்தரான கிராணியார் கையிலிருக்கும் நீளமான பேரேடு. ஆள் பெயர், யாருடைய கும்பல், எந்த நாள் வேலை, எந்த நாள் ‘சீக்’. லயத்தில் எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கும் கங்காணிக்கும் மனப்பாடம். காய்ச்சல்காரர் பெரட்டுக்குப் பிறகு மருந்துக் கொட்டகைக்குப் போவார். டிரெசர் பெரிய புட்டியிலிருந்து மிக்ஸரைச் சின்ன போத்தலில் ஊற்றி, வேளை அளவுக்குப் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். அறையில் இருக்கும் பெண்ணுக்கோ குழந்தைக்கோ என்றால், இன்ன லயத்து இன்னாரின் வீட்டுக்காரி, இன்னாரின் பிள்ளை என்ற அடையாளம் போதும். இருவரும் ஒரே அறையில் குடியிருக்கிறார்களா, ஒரே அடுப்பில் பொங்குகிறார்களா என்பதுதான் நடைமுறைச் சோதனை. சட்டம் ‘சார்ந்திருப்போர்’ என்று பேசியது. அந்தச் சார்பைத் தோட்டம் கண்ணால் பார்த்து முடிவு செய்தது. தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமா என்பதற்குச் சட்டம் வைத்த அளவுகோலும் இதே மாதிரிதான். 1923ன் தொழிலாளர் சட்டம் ஏழு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி என்றது. தோட்டத்தில் பிள்ளை இருக்கிறதா என்பதே கேள்வி.

இதில் ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. லயத்துப் பெண்களில் பெரும்பாலோர் யாருடைய மனைவியாகவும் மருந்து வாங்கவேண்டிய அவசியம் இல்லாதவர்கள். அவர்கள் பெயர் அவர்களுக்கே செக்ரோலில் இருந்தது. 1920களின் கடைசியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாள்கூலி வகுத்தபோது பெண்ணைக் குறைத்து மதித்தார்கள். தொழிலாளி என்று மட்டும் மறுக்கவில்லை. பிரசவச் சலுகையும் மரம் வெட்டிப் பால் எடுக்கும் பெண்ணுக்கு அவள் வேலையை வைத்துத்தான் வந்தது, தாலியை வைத்து இல்லை. 1955 வேலைச் சட்டமும் அந்த மரபையே எடுத்துக்கொண்டது. பேறுகால விடுப்புக்குப் பெண் ஊழியர் என்பதுதான் தகுதி. திருமணமானவரா என்று அது கேட்கவில்லை, 98 நாளாக உயர்ந்த இன்றும் கேட்பதில்லை. அதே 98 நாளைக் கொண்டுவந்த திருத்தம், 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அப்பாக்களுக்கும் ஏழு நாள் விடுப்பு தந்தது. அதைத் தந்த பிரிவு ‘திருமணமான ஆண் ஊழியர்’ என்று தொடங்குகிறது. ஒரே குழந்தை, ஒரே பிரசவ அறை. அம்மாவிடம் கேட்காத கேள்வியை அப்பாவிடம் கேட்கிறது சட்டம். அம்மாவின் உரிமை தோட்டக் காலத்து அளவுகோலில் பிறந்தது, அப்பாவின் உரிமை பத்திரக் காலத்தில் பிறந்தது. இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த ஒரு சட்டத் திருத்தத்துக்குள்ளேயே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும், வரவும் வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியை இப்படித் தூக்கிப் பேசலாமா? பல இடங்களில் அது தகரக் கொட்டகையும் நாலு கட்டிலும். டாக்டர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் எல்லாம். அவருடைய தகுதியை முறைப்படுத்தித் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்ததே 1965ல்தான். துரைக்கு வேண்டியது ஆள்பலம். பெண்ணும் பிள்ளையும் இருந்தால் ஆண் வேறு தோட்டத்துக்கு ஓடமாட்டான், பிள்ளை வளர்ந்தால் நாளைக்கு அவனும் மரத்தடிக்கு வருவான் என்ற கணக்கு. வந்த வசதி உரிமையாக வரவில்லை, துரையின் தயவாக வந்தது. எல்லாம் உண்மைதான். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: பத்திரமில்லாத இடத்தில் பேனா பிடித்தவன் வைத்ததே சட்டம். இவள் இன்னாரின் பெண்டாட்டி என்று கங்காணி சொன்னால் அதை மறுக்க அந்தப் பெண்ணுக்கு வழி இல்லை. அவன் இல்லை என்று சொன்னால் நிரூபிக்கவும் வழி இல்லை. புருஷனை விட்டுப் போன பெண்ணின் வழக்கைப் பெரும்பாலும் துரையே ஆபீஸ் வராந்தாவில் தீர்த்துவைத்தார். ஆனால் இந்த மறுப்பு தோட்டத்து மருத்துவத்தின் தரத்தையும் அதிகாரத்தையும் பற்றியது; அது குடும்பத்தை அளந்த அளவுகோலைப் பற்றியது இல்லை. கெட்ட முதலாளி ஒருவன் தன் லாபத்துக்காகவே பிடித்த அளவுகோலாக இருந்தாலும், அது நோயாளியின் வாழ்க்கைக்கு அருகில் இருந்ததா என்று தனியே கேட்கலாம். காய்ச்சல் பரவுவது ஒரே அறையில் படுப்பவர்களுக்குள். அந்த அறையில் ஒருவருக்குக் கொய்னா கொடுத்து மற்றவரை விட்டுவிடுவது மருத்துவமாகவும் ஆகாது, கணக்காகவும் ஆகாது.

அந்தப் பேரேட்டின் பலவீனம் ஜப்பானியர் காலத்தில் வெளிப்பட்டது. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் ஆட்களை லாரியில் ஏற்றினார்கள். பலர் திரும்பவில்லை. யார் எங்கே இறந்தார்கள் என்று சொல்ல ஓலையும் இல்லை, ஆளும் இல்லை. விதவையா இல்லையா என்றே தெரியாமல் நின்ற பெண்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற இன்னொரு அறையில் ஒதுங்கினார்கள். போருக்குப் பின் தோட்டம் மீண்டும் ஓடத் தொடங்கியபோது அவர்களைப் புதுக் குடும்பமாக எழுதிக்கொள்ளத் தடை இருக்கவில்லை. அதே சமயம், போன கணவனின் பேரில் எதையும் கோர அவர்கள் கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. தளர்ந்த அளவுகோல் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்தது. 1938 ஜூன் மாதமே இந்திய அரசு மலாயாவுக்கு உதவிக் குடிபெயர்வை நிறுத்தியிருந்தது. புது ஆள் வரத்து நின்றபின், இங்கே இருப்பவர்களே இங்கே பிறந்து இங்கே இறக்கும் சமூகமாக ஆனார்கள். அப்படிப்பட்ட சமூகத்துக்குத் தாள் தேவைதான்.

வசதி உரிமையானதும் தாள் வந்தது. 1951ல் சேமநிதி, 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், 1971 முதல் நடைமுறைக்கு வந்த சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புத் திட்டம். விபத்தில் இறந்தவரின் விதவைக்கு மாதாமாதம் பணம் என்றால், விதவை யார் என்பதை ஒரு கவுண்டரில் ஒருவர் நிரூபிக்கவேண்டும். அரசு ஊழியர்களுக்கு 1974ன் பொது ஆணை ‘எஃப்’ பகுதி, குடும்பம் என்றால் யார் என்று வரிசைப்படுத்தியது. பிறகு 1982 மார்ச் முதல் தேதி. 1970ல் ஓங் ஹோக் தாய் தலைமையில் அமைந்த அரச ஆணையம் பரிந்துரைத்த திருமண, மணவிலக்குச் சட்டம் ஆறு ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிக் கிடந்தபின் அமலுக்கு வந்த நாள் அது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே மனைவி, ஒரே கணவன், பதிவு கட்டாயம். அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆணுக்கு எத்தனை மனைவி என்று கேட்க ஆளில்லாத வழக்கத்தில் முதல் மனைவியின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிந்தவர்கள் இந்தச் சட்டத்தைக் குறை சொல்லத் தயங்குவார்கள். ஜீவனாம்சம், மணவிலக்கு, சொத்தில் பங்கு எல்லாம் பெண்ணுக்கு உறுதிப்பட இது உதவியது. பதிவை எதிர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

நடந்த பிழை வேறு. சொத்துக்கும் வாரிசுக்கும் பொருத்தமான சோதனையை அப்படியே மருந்துக்கும் மாட்டிவிட்டார்கள். அதே சமயத்தில் தோட்டம் கலைந்துகொண்டிருந்தது. 1950களிலும் 60களிலும் பெரிய எஸ்டேட்டுகளைத் துண்டுபோட்டு விற்றதை உங்கு அசிஸ் தனி அறிக்கையாகவே ஆராய்ந்தார். துண்டு நிலத்தை வாங்கியவன் ஆஸ்பத்திரி நடத்தவில்லை, குத்தகைக்காரனை வைத்து வேலை வாங்கினான். 1969ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊர் திரும்பினார்கள், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐ.சி.யோடு இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தில் நிகழ்ந்த மாற்றத்தைக் கவனியுங்கள். ஆண் பத்து பெரண்டாம் தொழிற்சாலைக்குப் போனான். மரம் வெட்டிக்கொண்டிருந்த பெண் தரைவீட்டில் சமைப்பவள் ஆனாள். செக்ரோலில் அவளுக்கென்று இருந்த பெயர் அழிந்தது. அதுவரை தொழிலாளியாக மருந்து வாங்கியவள், முதல் முறையாக மனைவி என்று நிரூபித்தால் மட்டும் மருந்து கிடைக்கும் நிலைக்கு வந்தாள். பத்திரம் இல்லாத குறை அதுவரை அவளை இவ்வளவு நேராகத் தாக்கியதில்லை.

நீதிமன்றங்களும் இந்த முடிச்சை ஒரே மாதிரி அவிழ்க்கவில்லை. 1982ல் அமலுக்கு வந்த சட்டத்தின் 34ஆம் பிரிவு, பதிந்ததாலோ பதியாததாலோ மட்டும் ஒரு திருமணம் செல்லும், செல்லாது என்று கொள்ளக்கூடாது என்கிறது. 1997ல் சட்ட அறிக்கையில் வெளியான உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதை வைத்து, இந்து முறைப்படி மணந்து பதியாத ஒரு பெண்ணை விபத்தில் இறந்தவரின் விதவையாக ஏற்றது. வேறு வழக்குகளில், 1982க்குப் பிந்திய பதியாத வழக்கத் திருமணம் செல்லாது என்றும் தீர்ந்திருக்கிறது. உயர் நீதிமன்றமே இரண்டு குரலில் பேசும்போது, கம்பெனி ஆபீசில் பாரம் சரிபார்க்கும் எழுத்தர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்லவேண்டியதில்லை. இதைவிடக் கடினமானது பிள்ளைகள் நிலை. பெற்றோர் திருமணம் சட்டப்படி செல்லாதபோது, குடியுரிமைக்குத் தந்தை என்று எழுதிய இடத்தில் எல்லாம் தாய் என்று படிக்கவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையின் 17ஆம் பிரிவு. தாய் ஐ.சி.யே இல்லாதவளாக இருந்தால், குடிமகனுக்கான நீல ஐ.சி. வைத்திருக்கும் அப்பாவுக்குப் பிறந்த பிள்ளையும் நாடற்ற பிள்ளையாக வளரக்கூடும். 2011ல் ‘மைடஃப்தார்’ என்று ஊர் ஊராகப் பதிவு முகாம் நடத்தவேண்டி வந்தது இப்படிப்பட்ட தாளில்லாக் குறைகளின் பின்விளைவுதான். குடிமகனுக்கு ஒரு ரிங்கிட்டில் மருந்து தரும் அரசாங்க கிளினிக்கில் அந்தப் பிள்ளை வெளிநாட்டவர் கட்டணம் கட்டவேண்டும். அப்பாவின் கம்பெனிக் காப்புறுதியும் கிடையாது, நாட்டின் காப்பும் கிடையாது.

‘வெள்ளைக்காரன் ஊர்ப் பழக்கம்’ என்ற பேச்சுக்கு இப்போது வரலாம். நியூயார்க்கில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை 1982ல் தன் ஊழியர்களின் மணமாகாத துணைவர்களுக்கும் மருத்துவக் காப்பு கொடுத்தது. 1984ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகராட்சி பின்தொடர்ந்தது. 1996ல் சான் பிரான்சிஸ்கோ, நகராட்சியோடு ஒப்பந்தம் செய்யும் கம்பெனிகளும் அப்படியே தரவேண்டும் என்று சட்டம் போட்டது. அங்கே அது பெரும்பாலும் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தராத ஒருபால் இணைகளுக்காக எழுந்த கோரிக்கை. மலேசியச் சட்டம் அந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பது ஊரறிந்தது. ஆனால் அந்த நகராட்சிகள் வைத்த சோதனையைப் பாருங்கள்: ஒரே வீட்டில் வாழ்கிறோம், அன்றாடச் செலவை இருவரும் பொறுப்பேற்கிறோம், வேறு துணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. ஒரே அறை, ஒரே அடுப்பு என்ற லயத்துக் கணக்குக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான், அது பெரிய வித்தியாசமும்கூட: லயத்தில் கங்காணி சொன்னான், பெர்க்லியில் இணைந்து வாழ்பவர்களே சொன்னார்கள்.

பொய் சொல்லிப் பெயர் சேர்ப்பார்களே என்பது அடுத்த மறுப்பு. சேர்ப்பார்கள், பதிவுத் திருமணத்திலும் வசதிக்காகக் கையெழுத்துப் போடுபவர்கள் இல்லாமல் இல்லை. இதைச் சமாளிக்கும் வழியைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ‘சட்டப்படியான துணைவர்’ என்றுதான் எழுதுகிறது. ஆனால் அந்த உறவுமுறையில் உள்ள ஒருவரின் பெயர் குடும்ப அட்டையில் இருந்தால், அவர் குடும்பத்தவர் என்றே கொள்ளப்படும், மேற்கொண்டு உறுதிப்படுத்த வேண்டாம் என்று அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுகிறது. அரிசி வாங்கும் அட்டையே போதும். அட்டைக்குள் பொய் நுழையலாம். ஆனால் ஒரே அடுப்பென்று அரிசிக்குச் சொன்ன பொய்யை மருந்துக்காக மட்டும் புதிதாக ஜோடிப்பது கடினம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2010ல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில், திருமணத்தைப் போன்ற உறவு என்றால் என்ன என்று வரையறுத்தது. ஊரார் முன் கணவன் மனைவியாக நடமாடுவது, மணக்கத் தகுதியான வயதும் நிலையும், விருப்பத்தோடு கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தது ஆகியவை அதன் அடையாளங்கள். இதில் மணக்கத் தகுதியான நிலை என்பது ஏற்கெனவே மனைவி இருப்பவனை வெளியே தள்ளுகிறது. மனைவியோடு வாழ்ந்துகொண்டே இன்னொருத்தியைச் சேர்ப்பவன் விஷயத்தில் அந்த நிபந்தனை எனக்குச் சம்மதம்; முதல் துணை கைவிட்டுப் போனவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சரி, பதிவு செய்துகொள்வது அப்படியென்ன பெரிய காரியம், போய்ப் பதிந்தால் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. இரண்டு நீல ஐ.சி.யும் பழைய பந்தம் எதுவும் இல்லாத இரண்டு பேரும் இருந்தால் பெரிய காரியம் இல்லைதான். அவர்கள் பதியாமல் இருப்பது பெரும்பாலும் சோம்பல், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முதல் கணவன் எங்கோ போய்விட்ட பெண்ணின் நிலை வேறு. மணந்து இரண்டு ஆண்டு கழியாமல் பொதுவாக மணவிலக்கு மனு போட முடியாது. ஒரு தரப்பு மட்டும் கேட்பதென்றால், சில விலக்குகள் தவிர, முதலில் சமரசக் குழுவுக்குப் போகவேண்டும். அதற்கு மேல் வக்கீல், உயர் நீதிமன்றம். மாதக் கூலிக்காரர் அந்தச் செலவைத் தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிடும். அடையாளத் தாளே இல்லாதவருக்குப் பதிவு அலுவலக வாசலும் கிடையாது. இவர்களுக்குப் பத்திரம் வரும்வரை நோய் காத்திருக்குமா? இரண்டாம் மனைவிக்கு இடம் கொடுத்தால் முதல் மனைவியின் பங்கு குறையும் என்ற கவலை ஓய்வூதியத்துக்கும் வாரிசுப் பணத்துக்கும் பொருந்தும். அவை ஒரே தொகையை எத்தனை பேர் பிரிப்பது என்ற கணக்கு. ஆஸ்பத்திரிக் கட்டில் அப்படிப் பிரிகிற சொத்து இல்லை. ஊழியருக்கு ஒரு துணைவர் பெயர்தான், அது மாற ஆறுமாதமோ ஒரு வருடமோ இடைவெளி வேண்டும் என்று வரம்பு போட்டால், பிரீமியம் கணக்குப் போடுபவருக்கும் குழப்பம் இல்லை.

இன்று ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென 2011ல் தனி மருத்துவக் காப்புறுதித் திட்டம் வந்தது. 2019 முதல் சொக்சோவும் உண்டு. அந்த மருத்துவக் காப்பு ஆளுக்கு மட்டும். குடும்பம் என்ற கட்டம் அதில் இல்லை, ஏனென்றால் அவர்களுடைய அனுமதிச் சீட்டு குடும்பம் கொண்டுவரவும் இங்கே மணக்கவும் இடம் தருவதில்லை. நூறு வருடத்துக்கு முன் முதலாளி தன் ஆள் ஓடாமல் இருக்கக் குடும்பம் வேண்டும் என்றான்; இப்போது ஆள் திரும்பிப் போகவேண்டும் என்பதற்காகக் குடும்பம் வேண்டாம் என்கிறது சட்டம். அவர்கள் விஷயத்தில் நாடாளுமன்றம்தான் கை வைக்கவேண்டும். ஆனால் பத்து பெரண்டாம் தொழிற்சாலைத் தமிழர் விஷயத்தில் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கம்பெனிகள் எடுக்கும் குழுக் காப்புறுதி ஓர் ஒப்பந்தம். துணைவர் என்றால் யார் என்பதைக் கம்பெனியும் காப்புறுதி நிறுவனமும் பேசி எழுதிக்கொள்வதுதான். 1960ன் சட்டபூர்வ உறுதிமொழிச் சட்டப்படி சத்தியப்பிரமாண ஆணையர் முன் இருவரும் போடும் ஒரு கையெழுத்து, இருவர் பெயரிலும் ஒரே முகவரிக்கு வந்த கரண்ட் பில்லோ தண்ணீர் பில்லோ, வேறு பதிவுத் துணை பெயர் ஏற்கெனவே பட்டியலில் இல்லை என்ற சரிபார்ப்பு. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும் சங்கங்கள் மருத்துவச் சலுகைப் பிரிவில் இதை ஒரு வரியாகக் கேட்கலாம். பொய்யான உறுதிமொழிக்குத் தண்டனை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.